மொத்தமாய் வாங்குகிறவர்

ஏற்காடு பஜாரில் நோட்டு, பேனா, புத்தகம், ஏரிப் படம் போட்ட அட்டை எல்லாம் விற்கிற சலீமாவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. மலை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் புரட்டிப் பார்ப்பதோடு போய்விடுவார்கள். சிலர் புரட்டியதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப்பட்ட கடையில் ஒருவர் ஒரே புத்தகத்தை, இருக்கிற பிரதி அத்தனையும் அள்ளிப் போனால் அவள் சும்மா இருப்பாளா?

அது சமவெளியில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்புத்துறை போட்ட புத்தகம். சேர்வராயன் மலை ஊர்களில் பெண்கள் பாடும் ஒப்பாரிகளைப் பதிவு செய்து அச்சிட்டிருந்தார்கள். அந்தத் துறையின் புத்தகங்கள் சாம்பல் நிற அட்டையோடு வந்து, கண்ணாடி அலமாரியில் வெளுத்து, அப்படியே திரும்பிப் போகும். இது மட்டும் வந்த வேகத்தில் காலி. வாங்கியவர் பொன்னுவேல், மாரமங்கலத்தில் ஜீப் ஓட்டுகிறவர். மறுபடி வரவழைத்தாள். மறுபடியும் அவரே. எதற்கென்று கேட்டால், படிக்கத்தான் என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சேலத்தில் கூடுதல் விலைக்குத் தள்ளுகிறாரோ? ரிசார்ட் கட்டுகிறவர்கள் யாராவது ஆள் விட்டு மறைக்கச் சொல்கிறார்களோ? நிலத் தகராறு ஏதாவது பாட்டில் இருக்கிறதா என்று, தனக்கென்று எடுத்து வைத்த பிரதியை வரி விடாமல் படித்தாள். எல்லாம் செத்தவர்களுக்கான அழுகை. ஒன்றும் பிடிபடவில்லை.

பதிப்புத்துறையில் விற்பனையைக் கவனிக்கும் ஆண்டனி ராஜுக்குப் போன் போட்டாள். சந்தேகத்தைச் சொல்லுமுன்பே அவர் பூரித்துப்போனார். துறையின் புத்தகம் எதுவும் இப்படி விற்றதே இல்லையாம். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதாம். இந்தத் தடவை அட்டையில், பாடினவர்களில் ஒருத்தியான மாரமங்கலத்துப் பாவாயி அம்மாளின் படமாம், போஸ்டர்கூட அடிக்கிறார்களாம்.

அடுத்து பொன்னுவேல் வந்தபோது அதைச் சொன்னாள். அவர் முகம் வெளிறிப்போனது.

"ஏனுங்கக்கா, இன்னும் அடிக்கறாங்களா?"

"நீங்க வாங்கறதாலதானுங்க அடிக்கறாங்க. உங்கள யாரு வாங்கச் சொல்றதுன்னு மொதல்ல சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. பாவாயி அவரைப் பெற்றவள். பல வருஷங்களுக்கு முன் அப்பா ரத்தமாய் வாந்தியெடுத்துக் கிடந்தபோது, ஊரில் ஜீப் வைத்திருந்த ஒரே ஆள் பாவாயியின் அண்ணன் சடையன். வேலித் தகராறில் முறுக்கிக்கொண்டிருந்த அவர் வரவில்லை. அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அன்றைக்குப் பாவாயி பாடிய ஒப்பாரியைத்தான் பிற்பாடு பல்கலைக்கழகத்து ஆட்கள் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அதில் ஒரு வரி, 'ஜீப்பு நின்ன ஊட்டுல எறங்கி வர ஆளில்லையே.' இப்போது அதே சடையனின் பேரனுக்குப் பொன்னுவேலின் மகள் ஹரிணியை நிச்சயம் செய்திருந்தது.

"எங்க மாமன் நொம்ப ரோசக்காரருங்க. ஊர் பேரோட, பாடினவங்க பேரோட பொஸ்தகத்துல இருக்கறது தெரிஞ்சா கல்யாணம் நின்னுருங்க."

அவரையா இத்தனை நாளும் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தோம் என்று சலீமா கூசினாள். உடனே ஆண்டனி ராஜைக் கூப்பிட்டு, படத்தையும் பேரையும் எடுக்க முடியுமா என்று கெஞ்சினாள். இப்போது அவருக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. யாராவது மிரட்டுகிறார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். இரண்டாம் பதிப்புப் பெட்டிகள் வந்தே விட்டன. பிரிக்காமல் மேசைக்கடியில் தள்ளினாள். ஆனால் போஸ்டரைப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், மழைக்கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் கடை வாசலில் நின்றார்.

"கண்ணு, எந்தங்கச்சி படம் போட்ட பொஸ்தகம் இருக்குதா?"

இவர்தான் சடையன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னாள். பெரியவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில் பாவாயியின் முகம் ஒட்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தனக்கு எழுத்து தெரியாது, தங்கச்சி பாட்டைப் படித்துக் காட்டு என்றார். சலீமா படித்தாள். ஜீப் வரி வந்த இடத்தில் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.

அவர் கையை உயர்த்தினார்.

"நடுவுல ஒன்ன உட்டுட்டயே கண்ணு. ஜீப்பு நின்ன ஊடு."

அவள் விரலால் அந்த வரிக்குத் திரும்பினாள்.

"அன்னிக்கு நானு வெளிய வேலிகிட்ட நின்னு கேட்டவந்தான். உள்ள போக மூஞ்சியில்ல. அத ஈடு கட்டத்தான் பேரனக் குடுக்கறேன். பொன்னுவேலு நான் சீர் கேப்பன்னு பயந்துட்டுக் கெடக்கறான். முழுசாப் படி."

முழுசாகப் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சலீமா அப்போதே பொன்னுவேலுக்குப் போன் செய்தாள். அவர் நம்பவில்லை. மாமன் அதைச் சொன்னபோது குரல் எப்படி இருந்தது, சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அழைப்பின் பேரில் சலீமாவும் போயிருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே பந்தியில் அதிகம் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாலி ஏறுகிற வரைக்கும் பொன்னுவேல் மாமனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏறின பிறகும்தான்.