ஆடிக்கு அனுப்பிவைத்த வாடை

என் மாமியார் தங்கம்மாளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அவரே சொல்லிக்கொள்வார். அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்தே குரல் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மூக்கு, நான் மருமகளாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போன முதல் வாரமே என்னைப் பிடித்துவிட்டது.

"குந்தவ, தப்பா நெனைக்காத. ஒன் அக்குள்ல வாடை வருது. தேச்சுக் குளிக்கிறியா இல்லையா?"

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது கேட்டார். மாமனார் ரெங்கசாமி பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். என் கணவர் குணசேகரன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. எனக்கு மானம் போயிற்று.

"இத்தன வருஷம் இந்த வீட்டுல இப்பிடி ஒரு வாடை இருந்ததில்ல. கல்யாணம் முடிஞ்சதுலேருந்துதான்" என்றார் அத்தை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் புதிதாக இருப்பது யார்? நான்தான். இதற்கு மேல் விசாரணை எதற்கு? தீர்ப்பு எழுதியாயிற்று.

மருந்துக்குத் தஞ்சாவூரில் இருக்கும் நாத்தனார் பிரகதீஸ்வரி பொறுப்பெடுத்துக்கொண்டார். மகராசி, மருத்துவப் படிப்பு முழுவதையும் யூடியூபிலேயே முடித்தவர். காலையில் ஒரு வீடியோ வரும், மாலையில் அதற்கு நேர் எதிரான இன்னொரு வீடியோ வரும். அத்தை இரண்டையும் என் மீது செய்து பார்ப்பார்.

முதலில் படிகாரம். சலூனில் ஆண்கள் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கட்டியை வாங்கி வந்து கையில் கொடுத்தார். அப்புறம் வேப்பிலை விழுது. என் கல்யாண ரவிக்கைகள் அத்தனையும் கக்கத்தில் பச்சை பிடித்துப் போயின. அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, ஆப்ப சோடாவில் தோய்த்துத் தேய்க்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் முடியை மழித்துவிட வேண்டும் என்பதும் வீடியோவில் வந்த யோசனைதான். மழித்த தோலில் எலுமிச்சையும் சோடாவும்! அடியம்மா, உயிர் போய் உயிர் வந்தது. தோல் வெந்து கொப்பளித்து, கையைக் கீழே இறக்க முடியாமல் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி வீட்டுக்குள் நடந்தேன்.

"எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் பிரகதீஸ்வரி போனில். தஞ்சாவூரில் இருப்பவருக்கு எரியவா போகிறது?

சாப்பாட்டிலும் கை வைத்தார்கள். எனக்கு வெங்காயம், பூண்டு, மீன், கருவாடு எதுவும் கிடையாது. அவர்கள் முத்துப்பேட்டையிலிருந்து வந்த கொடுவா மீனைக் குழம்பு வைத்துச் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட, நான் மோர் சோற்றுக்குப் பாகற்காயைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தோல் டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடுறேன் அத்தை" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"இதுக்கு டாக்டரா? ஊரே சிரிக்கும். நம்ம வீட்டு மானம் என்னாவுறது?"

இவ்வளவிலும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறு. நானே நம்பிவிட்டேன். அவரவர் வாடை அவரவர் மூக்குக்குத் தெரியாது என்று அத்தை ஓதிக்கொண்டே இருந்தார். பீரோவைத் திறந்தால் என் சேலைகளில் அந்த வாடை, தலையணையில் அந்த வாடை. என் கணவர் சட்டைகளும் அதே பீரோவில்தான் தொங்கின என்பதோ, அவரும் அதே தலையணையில்தான் தலை வைத்தார் என்பதோ என் மரமண்டைக்கு எட்டவில்லை. அவர் காலையிலும் மாலையிலும் உடம்பு முழுக்க ஸ்ப்ரே அடித்துக்கொள்வதைப் பார்த்து, என் வாடை தாங்காமல்தான் அடிக்கிறார் பாவம் என்று இரக்கம் வேறு பட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் மாதம். என்னை அழைத்துப்போக வலங்கைமானிலிருந்து அம்மா ஆனந்தவல்லி சீர்த்தட்டோடு வந்தாள். அத்தை தட்டை வாங்கி வைத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னார்:

"சம்பந்தி, ஒங்க பொண்ணுக்கு உடம்புல வாடை இருக்கு. வாடை போனதும் சொல்லி அனுப்புங்க. அப்பறமா வந்து கூட்டிட்டுப் போறோம்."

ஆடி முடிந்தால் அழைத்துப்போவார்கள் என்பதுதான் வழக்கம். இங்கே வாடை முடிந்தால்தானாம். முடியாவிட்டால்? அந்த வீட்டில் நான் வாழ்வேனா, வாழாவெட்டியாகத் திரும்பிவிட்டேனா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னை மோந்து பார்த்தாள். கழுத்து, தோள், அக்குள் எல்லாம் பார்த்தாள். அப்புறம் ஓவென்று அழுதாள்.

"தோலை இப்பிடி வேக வெச்சிருக்காளுவளே பாவிங்க! சீயக்கா வாசத்தத் தவிர ஒன் மேல ஒண்ணுமில்லடி!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெற்றவள் மூக்கு அப்படித்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அத்தையிடமிருந்து போன் வந்தது.

"குந்தவ, ஒன் துணி எதாச்சும் இங்க விட்டுட்டுப் போயிட்டியா? வாடை இன்னும் இருக்கு."

"இல்லையே அத்தை."

பீரோவைக் கழுவிவிட்டார்கள். மறுபடி போன். மெத்தையை மாடியில் காயப்போட்டார்கள். மறுபடி போன். நான் தொட்ட துடைப்பத்தைக்கூடத் தூக்கி எறிந்தார்களாம், வாடை போகவில்லையாம். அப்போதுதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் நான் மட்டும் இல்லையே! ஆறு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெட்டியோடு வந்து இறங்கியவர் யார்?

வாயைத் திறக்கவில்லை நான். பதினெட்டாம் பெருக்கு வரட்டும் என்று இருந்தேன்.

வந்தது. எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணுக்கு அன்றைக்கு ஆற்றங்கரையில் புருஷன்தான் புது மஞ்சள் கயிறு கட்ட வேண்டும். அத்தையும் அவரும் காரில் வந்து இறங்கினார்கள். வழி முழுக்க ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அத்தை முந்தானையை மூக்கில் வைத்தபடியே இறங்கி, என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"ஒன் பழைய சீலை எதாச்சும் டிக்கில கெடக்கா?"

அடேயப்பா! இந்த மூக்கைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும்.

குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. காதோலை, கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துப் படைத்தாயிற்று. பெண்கள் எங்களைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் மஞ்சள் கயிற்றை எடுத்து, என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட இரண்டு கைகளையும் தூக்கினார்.

சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள். எதிர்வீட்டுக் கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை பழக்கதோஷத்தில் என்னைத்தான் முறைத்தார்.

முடிச்சு விழுந்ததும் நான் எழுந்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அத்தை முன்னால் போய் நின்றேன்.

"மோந்து பாருங்க அத்தை. எல்லாரும் இருக்காங்க, நல்லா மோந்து பாருங்க."

கொப்பளம் ஆறிக் கறுத்துக் கிடந்த தோலை அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தை பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார். அந்தக் கூர்மையான மூக்கு ஒரு தடவை சுருங்கி விரிந்தது. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"ஆம்பளைன்னா அப்பிடித்தான். ஒழச்ச ஒடம்பு. வேர்க்காதா பின்ன?"

அதுதான் சங்கதி. எனக்கு வந்தால் வாடை, அவருக்கு வந்தால் உழைப்பு. நான் அத்தையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். "சிங்கப்பூர் ரூம்ல என்னையக் கதவுகிட்டத்தான் படுக்கச் சொல்வாங்க."

"எனக்குத் தோலு வெந்தப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

"அம்மா ஒன்னையத்தானே சொன்னாங்க" என்றார். "நான் எதுக்கு நடுவுலன்னு..."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். வெந்த தோலோடு நான் படுத்திருந்த ராத்திரிகளில் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் சொன்னார். எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. நேராக வீட்டுக்குப் போய் முன்கூட்டியே கட்டி வைத்திருந்த பையை எடுத்து வந்து அத்தை கையில் கொடுத்தேன். படிகாரக் கட்டி, எலுமிச்சம்பழம், ஆப்ப சோடா, வேப்பிலை.

"மொதல்ல முடிய மழிக்கணும் அத்தை. எரியுதுன்னு சொன்னாருன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். மீன் போடாதீங்க."

"என்னடி பேச்சு இது? ஆடி முடிஞ்சதும் ஒழுங்கா வந்து சேரு!"

"வாடை போனதும் சொல்லி அனுப்புங்க" என்றேன். "அப்பறம் வர்றதான்னு நான் யோசிக்கிறேன்."