அம்மா காட்டிய பாதி

"அம்மா உண்மையைத்தான் காட்டியிருந்தாங்கடி! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை! அதையும் நீ நம்பல!"

அண்ணன் போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலும் கதவுகள் ஒரு விரற்கடை திறந்தன. கீழ்வீட்டு டீச்சர், சரியாகக் கேட்கவில்லை என்று அடுப்பையே அணைத்துவிட்டார்.

"கத்தாதண்ணா. புரியிற மாதிரி சொல்லு," என்றாள் தங்கை.

அவளுக்குக் குடியிருப்பில் முக்கால்வாசி என்று பெயர். பசிக்கிறதா என்றால் "பாதி" என்பாள். மழை வருமா என்றால் "முக்கால்வாசி வரும்." ஆமாம், இல்லை இரண்டும் அவள் வாயில் வராது. பிழைப்பே அதுதான். ஆஸ்பத்திரிக்கு அவள் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராம் 'மூச்சு வாங்குதா?' என்று கேட்காது, 'எவ்வளவு?' என்று கேட்கும். நோயாளி திரையில் ஒரு கோட்டின் மேல் விரலைத் தேய்த்துக் காட்ட வேண்டும். பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து, மாத்திரைப் பக்கம் எவ்வளவு சாய்கிறது, ஆபரேஷன் பக்கம் எவ்வளவு என்று அது டாக்டருக்குச் சொல்லும். ஆமாம், இல்லை என்று வெட்டாமல் அளவு பார்க்கிற இந்தக் கணக்கை ஃபஸி லாஜிக் என்பார்கள். சின்ன வலிக்கே ஊரைக் கூட்டுகிற ஆளுக்குக் குறைக்கவும், வலியை விழுங்கிக்கொள்கிற ஆளுக்கு ஏற்றவும் தனித்தனித் திருத்தம் உண்டு. அந்தத் திருத்தத்தில்தான் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அம்மா விழுங்குகிற கட்சி. கால் எலும்பு முறிந்தபோதே "லேசா சுளுக்கு" என்று நொண்டிக்கொண்டே சமைத்துப் போட்டவள். ஆகவே அம்மாவின் இதயக் கோளாறைப் பார்த்த டாக்டர், "உங்க அம்மாவை உங்களுக்குத்தானே தெரியும், எவ்வளவு ஏத்தலாம்?" என்றபோது மகள் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு மடங்கு டாக்டர்."

கணிப்பு ஆபரேஷன் பக்கம் சாய்ந்தது. டாக்டரும் தலையாட்டினார். அம்மாவின் உடம்பு தாங்கவில்லை. ஆபரேஷன் மேசையிலிருந்து எழவே இல்லை.

இப்போது அம்மாவின் துணி அலமாரியைக் காலி செய்ய அண்ணன் வந்த இடத்தில், பேச்சோடு பேச்சாக அவள் ரெண்டு மடங்கு ஏற்றிய கதை கிளம்பிவிட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மாகூட நான்தானே இருந்தேன்," என்றான். "பாதிக் கோடு வரைக்கும் தேய்ச்சாங்க. என்னம்மா இவ்வளவு தூரம்னு கேட்டேன். 'உன் தங்கச்சி கால்ல விழாத குறையா கெஞ்சினாடா, இந்தத் தடவை உள்ளதைக் காட்டும்மான்னு. பாவம், அவ கணக்கு தப்பாயிடக் கூடாதுல்ல'ன்னாங்க."

முக்கால்வாசி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சியது நினைவிருந்தது. அம்மா சரியென்று தலையாட்டியதும் நினைவிருந்தது. நம்பத்தான் தோன்றவில்லை.

"இதை ஏண்ணா அப்பவே சொல்லல?"

"நீ ஏத்துவேன்னு எனக்கென்னடி தெரியும்?"

அண்ணன் கையிலிருந்த புடவையை மடித்து வைத்தான். பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "ஏத்தாம விட்டிருந்தா மாத்திரைன்னுதான் வந்திருக்குமா?"

பாதியும் வரவில்லை, முக்காலும் வரவில்லை.

"ஆமாம்," என்றாள்.

கீழே டீச்சர் சத்தமில்லாமல் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் அந்த வருஷமே பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவள் வேலையை விட்டுவிட்டு, அடுத்த தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். விரலில் சிராய்ப்புப் பட்டாலே தெருவைக் கூட்டுகிற மனுஷன். போயும் போயும் இவரா என்று குடியிருப்பே வாயைப் பிளந்தது. அவர் "உயிர் போகுதே" என்று அலறும்போதெல்லாம், அவள் ஒரு துளியும் குறைக்காமல் நம்பி, செருப்பைக்கூட மாட்டாமல் டாக்டரைக் கூப்பிட ஓடுகிறாள்.