தூதரகத்திலிருந்து ஒரு அழைப்பு

வெர்னன் ஹோல்ம் சமையலறையில் நின்று உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நவம்பர் மாதத்து மத்தியானம். ஏரியிலிருந்து வந்த காற்று சன்னல் கண்ணாடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மனைவி அர்லீன் தேவாலயப் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கிழங்கை வேகவைத்து, மீனையும் வறுத்து வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஓய்வு பெற்று, அமெரிக்காவின் வடகோடியில் ஏரிக்கரையில் இருக்கும் சொந்த ஊரான துலூத்துக்குத் திரும்பிய பிறகுதான் சமைக்கக் கற்றுக்கொண்டார். அதுவரை எந்த ஊரிலும் யாராவது ஒருவர் சமைத்துப் போட்டிருந்தார்கள். கையைத் தடித்த கம்பளிச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மிஸ்டர் வெர்னன் ஹோல்முங்களா?" ஒரு இளம்பெண்ணின் குரல். தூரத்துக் குரல்.

"ஆமா."

"நான் மலாவியில அமெரிக்கத் தூதரகத்துலேர்ந்து டெலேனி பேசறேன். சார், நீங்க இப்ப தனியா இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அந்தக் கேள்விக்கு அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அவரே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார்.

அவர் இரும்புச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போனார். ஒருநாள் ஏதாவது ஒரு நாட்டுக்குத் தூதராகி, கொடி கட்டிய காரில் போவோம் என்று எல்லோரையும் போலத்தான் அவரும் நினைத்தார். ஆனால் முதலில் போட்ட ஈக்வடாரில், மலையேறப் போய் விழுந்து செத்த ஒரு இளைஞனின் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. மேலதிகாரிக்கு அதைச் செய்யத் தைரியம் வரவில்லை. வெர்னன் செய்தார், நன்றாகவே செய்தார். அந்தப் பெற்றோர் பிறகு அவரைப் பாராட்டி வாஷிங்டனுக்கே எழுதிவிட்டார்கள். அதோடு அவர் விதி முடிவானது. துருக்கி, சாம்பியா, பல்கேரியா என்று எங்கே மாற்றினாலும் தொலைந்த கடவுச்சீட்டு, சிறையில் கிடக்கும் மாலுமி, ஓட்டல் அறையில் மாரடைப்பில் போன சுற்றுலாப் பயணி என்று எல்லாமே அவர் மேசைக்குத்தான் வந்தன. கூடப் படித்தவர்கள் தூதர்களானார்கள். விருந்துகளில் அவரைப் பார்த்ததும், "நம்ம வெர்னன்கிட்டேர்ந்து போன் வந்தா யாரும் எடுக்காதீங்கப்பா" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த வேலைக்கென்று ஒரு குரலை அவர் பழக்கி வைத்திருந்தார். மெதுவான, தாழ்ந்த குரல். அதில் பதற்றமும் இருக்காது, அவசரமும் இருக்காது. ஒஹையோவிலிருந்து ஒரு அம்மா, மகன் இறந்துவிட்டான் என்று கேட்டதும், "அவன் கால்ல செருப்பு இருந்துச்சா?" என்று கேட்டாள். அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

"உங்க மக தோரா... இன்னிக்கு சாயங்காலம் அவங்க போன வண்டி மேல லாரி மோதி... அவங்க தவறிட்டாங்க சார்."

"அப்படிச் சொல்லாதம்மா," என்றார் வெர்னன். பழைய குரல் தானாக வந்தது. "செத்துட்டாங்கன்னு சொல்லு. சுத்தி வளைச்சா, கேக்கறவங்க வேற ஏதாவது இருக்கும்னு நம்பிக்கிட்டே இருப்பாங்க."

அந்தப் பெண், "செத்துட்டாங்க சார்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க. நான் அழக் கூடாது."

"பரவால்ல. எங்க வச்சிருக்காங்க?"

அவள் சொன்னாள். மலாவி ஏரிக்கரைச் சாலை, இருட்டும் நேரம், விளக்கில்லாத லாரி. தோராவோடு கிணறு தோண்டும் குழுவில் இருந்த இருவர் பிழைத்துக்கொண்டார்கள். உடல் மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறது. வெர்னன் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கேட்டார். யார் அடையாளம் காட்டினார்கள், மரணச் சான்றிதழ் எப்போது கிடைக்கும், ஊரில் குளிர்பதன அறை இருக்கிறதா. எல்லாம் முடிந்து போனை வைக்கப் போகும்போது அவர் வாயிலிருந்து, "அவ கண்ணாடி போட்டிருந்தாளா?" என்று வந்தது.

"தெரியலையே சார். விசாரிக்கிறேன்."

"அது இல்லாட்டி அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். பிறகு, "உனக்கு இதுதான் முதல் தடவையா?"

"ஆமா சார்."

"நல்லாத்தான் சொன்னே," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

கிழங்கு தண்ணீரில் கிடந்தது. அவர் எஞ்சியதையும் எடுத்துத் தோல் சீவினார். தோரா பிறந்தது அங்காராவில். பேசக் கற்றுக்கொண்டது சாம்பியாவின் லுசாகாவில், சமையற்காரர் மகளோடு. பள்ளிக்கூடம் பல்கேரியத் தலைநகர் சோபியாவில். துலூத்துக்குக் கோடை விடுமுறைக்கு மட்டும் வருவாள். வந்தால் ஏரித் தண்ணீரில் காலை வைத்துவிட்டு, "இது தண்ணியா, தண்டனையா?" என்று கத்துவாள். எங்கே கொண்டு போய் விட்டாலும் ஒரே வாரத்தில் அந்த ஊர்ப் பிள்ளையாகிவிடுவாள். அதை அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

காரின் சத்தம் கேட்டது. அர்லீன் குளிரில் சிவந்த மூக்கோடு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "அந்த ஹில்டா இன்னிக்கும் ஸ்ருதி சேராமக் கத்தினா. மீனை இன்னும் அடுப்பில போடலையா நீ?" என்றாள்.

"அர்லீன், கொஞ்சம் உக்காரு."

அவள் தொப்பியோடு அப்படியே நின்றாள். முப்பது வருடமாக எத்தனையோ வீடுகளில், மூடிய கதவுக்கு அப்பாலிருந்து அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். அது கேட்டால் வானொலியை நிறுத்துவாள், குழந்தையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவாள்.

"வேணாம்," என்றாள். "அந்தக் குரல்ல என்கிட்ட பேசாதே. அது ஊராருக்கு."

வெர்னன் வேறு குரலைத் தேடினார். அந்தப் பெண்ணுக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்த ஒற்றைச் சொல் அவருக்கே வரவில்லை. அர்லீன் அவர் முகத்தைப் பார்த்தாள், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனைப் பார்த்தாள்.

"தோராவா?"

அவர் தலையசைத்தார்.

"உயிரோட இருக்காளா?"

அவர் தலையசைக்கவில்லை. அர்லீன் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே போய், எங்கே போவதென்று தெரியாமல், காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் டெலேனி மறுபடி கூப்பிட்டாள். கண்ணாடியைப் பற்றி விசாரித்திருந்தாள். போட்டிருந்தாளாம். பிறகு தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அங்கேயே அடக்கம் செய்வதா, எரித்துச் சாம்பலை அனுப்புவதா, உடலை ஊருக்கு அனுப்புவதா. தோராவின் குழு வேலை செய்த கிராமத்துக்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருகிறார்களாம். அவளை அங்கேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்களாம்.

தேவாலயத்துப் பெண்கள் துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் மேசை நிறைய மூடியபடி கிடந்தன. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் பேசினார்கள்.

"வீட்டுக்குக் கொண்டுவரணும்," என்றாள் அர்லீன்.

"அவளுக்கு இது வீடா?" வெர்னன் மெல்லத்தான் கேட்டார். "இங்க அவளுக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடையாது. அங்க அவளை..."

"அவளுக்கு வீடுன்னு ஒண்ணு இல்லாமப் பண்ணினது யாரு? மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கட்டினோம். அவ நாயை எத்தனை ஊர்ல விட்டுட்டு வந்தா, ஞாபகம் இருக்கா உனக்கு? ஒவ்வொரு தடவையும் 'சமத்து, அழவே இல்ல'ன்னு சொல்லிச் சொல்லி அவளை அழவிடாம வச்சே."

"நீயும்தானே வந்தே."

"வந்தேன். உன் பின்னாடியே வந்தேன். எங்க போனாலும் வாயை மூடிக்கிட்டு வந்தேன்." அவள் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, பார்க்காமலே மூடினாள். "இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஞாயித்துக்கிழமை நடந்துபோய்ப் பாக்கற தூரத்துல அவ இருக்கணும். அவளுக்கு இது வீடு இல்லாமப் போகட்டும். எனக்கு வீடு."

இரண்டில் எது சரி என்று வெர்னனுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. போனை எடுத்து, கொண்டுவரச் சொன்னார். கிராமத்துக்காரர்களிடம் தங்கள் சார்பில் நன்றி சொல்லும்படி அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டார். "அவங்க வருத்தப்படுவாங்க சார்," என்றாள் டெலேனி. "தெரியும்மா," என்றார்.

பெட்டி மினியாபொலிஸ் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த அன்று பனி கொட்டியது. அடக்கம் செய்யும் நிறுவனத்தாரே போய் எடுத்து வருகிறோம் என்றார்கள். அர்லீன் கேட்கவில்லை. அவர்களுடைய கறுப்பு வண்டிக்குப் பின்னாலேயே வெர்னன் காரை ஓட்டினார். பயணிகள் வரும் பக்கத்தைத் தாண்டி, வேலியோரமாகச் சுற்றிப் போனால் சரக்குக் கிடங்கு. உயரமான தகரக் கூரை. ஒரு பக்கம் பூக்கள் அடைத்த அட்டைப்பெட்டிகள், இன்னொரு பக்கம் ஏதோ இயந்திர உதிரிகள். தன் காலத்தில் எத்தனையோ சவப்பெட்டிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார் வெர்னன். ஓடுபாதையோரம் வெயிலில் நின்று, கதவு மூடும்வரை பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவார். அவை போய் இறங்குவது இப்படி ஒரு இடத்தில் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தூக்குவண்டி பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தது. ஓட்டி வந்தவர் இவர்களைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மேலே அட்டை சுற்றியிருந்தது. ஒரு முனையில் அம்புக்குறி போட்டு, தலை இந்தப் பக்கம் என்று யாரோ கையால் எழுதியிருந்தார்கள். அர்லீன் கையுறையைக் கழற்றி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, எப்படிச் சில்லுன்னு இருக்கு," என்றாள். "வெர்னன், இவளுக்குக் குளிரே ஆகாதே."

தன் கோட்டைக் கழற்றி, தலைப்பக்கத்தில் விரித்து, ஓரங்களைப் பெட்டிக்கு அடியில் செருகப் பார்த்தாள். திறந்திருந்த பெரிய கதவு வழியாகப் பனி உள்ளே வந்து, வெறும் சட்டையோடு நின்ற அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. வெர்னன் அவசரமாகத் தன் கோட்டைக் கழற்றினார். கழற்றியதை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, நடுங்கிக்கொண்டிருந்த மனைவிக்கும் மூடாமல் கிடந்த கால்பக்கத்துக்கும் நடுவில், யாருக்குப் போர்த்துவதென்று தெரியாமல் நின்றார்.