பெயர் போடாத இசைத்தட்டு

ஜூலியன் பேச எழுந்தபோது டோனாவின் வாயில் மாமா கொடுத்த புதினா மிட்டாய் பாதிதான் கரைந்திருந்தது. அதைக் கடித்து நொறுக்கினாள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தகனக்கூடத்தில், திரைக்கு முன்னால், அவள் அம்மா லொரெய்ன் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். பங்க் இசை அலை ஓய்ந்த கையோடு நான்கு பேர் ஆரம்பித்த 'கேன்டீன் கமிட்டி' இசைக்குழுவில் அம்மா அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டார், ஜூலியன் பாடகர். மூன்று இசைத்தட்டுகள், அப்புறம் சண்டை. ஆனாலும் இன்றைக்கு கிட்டார் தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

"லொரெய்ன்தான் எங்க மனசாட்சி," என்றார் ஜூலியன். "வேன் ஓட்டுவாங்க. பசிச்சா சிப்ஸ் வாங்கிட்டு வருவாங்க. அவங்க போட்ட டீ இல்லாம நான் ஒரு வரி எழுதினதில்ல."

கூட்டம் சிரித்தது.

"உங்கம்மா டீயா?" கென் மாமா அவள் காதில் முணுமுணுத்தார். "பூனைகூட மோந்து பாக்காது. என்னடி உளறுறான் இவன்?"

"பேஸ் வாசிச்சதையும் சொல்வார், இருங்க மாமா."

அவர் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்த இசைத்தட்டுகளின் உறையில் யார் எதை வாசித்தார்கள் என்று ஓர் எழுத்து கிடையாது. குழுவின் இடதுசாரிக் கொள்கைப்படி பெயர் போடுவது முதலாளித்தனமாம். அம்மா அதை மனசார நம்பினாள். குழு கலைந்து பழைய சலவைக்கூடத்து வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒருவரிடமும் 'அது என் வாசிப்பு' என்று சொன்னதில்லை. ஜூலியன் மட்டும் பேட்டிக்குப் பேட்டி 'என் மெட்டு' என்றார்.

டோனா எழுந்தாள். "பேஸ் யார் வாசிச்சாங்க?"

"டோனாம்மா, எல்லாத்தையும் எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம். உங்கம்மாவே அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாம் சேர்ந்து செஞ்சீங்க. டீ மட்டும் எப்படி அவங்க தனியாப் போட்டாங்க?"

கடைசி வரிசையில் மொட்டைத் தலையோடு ஒருத்தி கை தட்டினாள். "க்ளாஸ்கோலேர்ந்து அந்த பேஸுக்காகத்தான் வந்தேன். அதக் கேட்டுத்தான் நானும் வாசிக்கக் கத்துக்கிட்டேன். உங்க குரலக் கேட்டு இல்ல சார்."

ஜூலியனின் கழுத்து சிவந்தது. "இன்னிக்கு அரசியல் வேண்டாமே."

"அரசியல் பேசியே பேர் வாங்கின ஆளு," என்றார் மாமா. இந்த முறை முணுமுணுக்கவில்லை.

ஜூலியன் கையசைத்தார். குழுவின் பழைய பாட்டு ஒலித்தது. போன வருஷம் அவரே செப்பனிட்டு வெளியிட்ட பதிப்பு. அவர் குரல் முன்னால் நின்று முழங்கியது. அம்மாவின் பேஸ் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் கிடந்தது. சவப்பெட்டி திரையை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது.

டோனா ஓரத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒலிக்கருவிக்குப் போனாள்.

"அதையெல்லாம் தொடக் கூடாதும்மா," என்றார் கூடத்து ஊழியர்.

"போறது எங்கம்மா. தள்ளுங்க."

ஒரு குமிழை அடியோடு குறைத்தாள். 'பேஸ்' என்று எழுதியிருந்த இன்னொன்றை முடிகிற மட்டும் கூட்டினாள். ஜூலியனின் குரல் தலையணைக்குள் பேசுகிற மாதிரி அமுங்கியது. தரைக்கடியிலிருந்து அம்மாவின் வாசிப்பு எழுந்து வந்தது. பெஞ்சுகள் நடுங்கின. மாமா உள்ளங்கையைப் பெஞ்சில் விரித்து வைத்தார், எடுக்கவில்லை.

பெட்டி உள்ளே போனது. திரை மூடியது. அதன் பித்தளை வளையங்கள் கம்பியில் அதிர்ந்துகொண்டே இருந்தன.