நசுங்காத எலுமிச்சம்பழம்

கலாமணி காருக்குள் போய் உட்கார்ந்து பல மழைக்காலங்கள் ஆகிவிட்டன. அதில் அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. முறுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது.

கார் நல்ல சிவப்பு. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பந்தயக் கார். கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் நின்றது. வாங்கியவர் கலாமணியின் கணவர் நாச்சிமுத்து. வண்டி வந்த அன்றைக்கே அவள் கட்டுச்சோறு கட்டி, முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, கடல் பாத்துட்டு வரலாமுங்களா?"

"அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாம் கலா."

மனுஷன் கெட்டவரில்லை. கார் மேல் அவ்வளவு ஆசை. வெளியே எடுத்தால் வேகத்தடையில் அடிவயிறு உரசும். வெயிலில் நிறுத்தினால் நிறம் மங்கும். காக்காய் வேறு இருக்கிறது. அதனால் தினமும் துடைத்துக் கவர் போட்டு மூடினார். கலாமணி உள்ளே இருட்டில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சீரியலுக்குத் தானே முடிவு யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு மட்டும் காருக்கு மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஊரில் எல்லோரும் வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்குவார்கள். நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. புளிப்பு டயரை அரித்துவிடுமாம், கேட்டீர்களா கூத்தை! பழம் கிடந்த இடத்திலேயே முளைத்தது. இப்போது சக்கரத்துக்கு ஒரு மரம். வெயில் எட்டிப்பார்க்காத இடத்தில் காய்த்துத் தள்ளியது.

பிறகு அலாரம் கத்த ஆரம்பித்தது. யார் தொட்டாலும் சும்மா இருந்தது. நாச்சிமுத்து வந்தால் மட்டும் ஊரைக் கூட்டியது. கதவு திறக்கவில்லை. கண்ணாடி ஒரு தோசை நுழையும் அளவுக்கு இறங்கி நின்றுவிட்டது. அவர் தோசையைச் சுருட்டி அதன் வழியாகக் கொடுத்தார். லிஃப்டிலிருந்து கார் வரைக்கும் இருந்த தூரம் நாளுக்கு நாள் நீண்டதால் தோசை ஆறிப்போனது. சட்னி பாதி வழியிலேயே கெட்டுவிட்டது.

குடியிருப்பவர்கள் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு மேளம் சொல்லாமல் அலாரத்தை வைத்தே சமாளித்தார்கள். நாச்சிமுத்து காரைச் சுற்றி நடந்தார், அது பாட்டுக்கு வாசித்தது. பந்தியில் அவருக்கும் ஓர் இலை போட்டார்கள்.

ஒரு நாள் தோசையைக் கலாமணி வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க. கடல் பாக்கோணும். தலை நரைக்கறதுக்குள்ள பாத்தரலாம்னு இருந்தேன். நரைச்சே போச்சு."

நாச்சிமுத்து குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஆமாம், நரைத்திருந்தது. தினமும் துடைத்த கண்ணாடிதான். உள்ளே பார்க்கவேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார்.

மெக்கானிக் ஜாபர் வந்து பானெட்டில் காது வைத்துக் கேட்டார்.

"பேட்டரி படுத்துருச்சுங்ண்ணா. அலாரம் தூங்காம காவல் காக்குதுல்லங்க, அதுக்குச் சோறு பேட்டரிதான். வண்டி ஓடுனாத்தான் சோறு. பசி வந்தா கத்தத்தானுங்க செய்யும்."

"பக்கத்து வண்டியில இருந்து ஒயர் குடுக்கலாமா?"

பக்கத்து வண்டிகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"இத்தன வருசம் ஓட்டாம மிச்சம் புடிச்ச ஓட்டமெல்லாம் உங்ககிட்டத்தானுங்ண்ணா இருக்கு" என்றார் ஜாபர். "கையக் குடுங்க."

ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டி, மறுமுனையின் சிவப்புக் கவ்வியை நாச்சிமுத்துவின் வலது கட்டைவிரலில் மாட்டினார். கறுப்பு இடது கட்டைவிரலில். வலிக்கவில்லை. லேசாகக் கூசியது.

"உனக்கு ஓட்டத் தெரியுமா கலா?"

"இத்தன காலம் உள்ளயே உக்காந்திருக்கேன். தெரியாம போகுமுங்களா?"

அவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. நாச்சிமுத்துவின் முழங்காலிலிருந்து ஏதோ ஏறி, தோள் வழியாக இறங்கி, விரல் வழியாகப் போனது. கார் ஒரு முறை இருமியது. பிறகு உறுமியது. அலாரம் நின்றது. ஜாபர் கவ்விகளைக் கழற்றினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்று பார்த்தார். கால் வரவில்லை.

மரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. உதிர்ந்து கிடந்த பழங்கள் சக்கரத்தின் கீழ் ஒவ்வொன்றாக நசுங்கின. அடித்தளம் முழுக்க எலுமிச்சை மணந்தது. சரிவுப் பாதையின் மேல் முனையில், வாட்ச்மேனின் நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில், கடல் தெரிந்தது.

"கலா, எப்ப வருவ?"

கலாமணி கண்ணாடியை முழுக்க இறக்கினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாமுங்க."

கார் ஏறிப் போயிற்று. சுவரில் லேசாக உரசிய சத்தம் கேட்டது. நாச்சிமுத்து அதைப் பொருட்படுத்தவில்லை. அப்படிப் பொருட்படுத்தாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜாபர் ஒயரைச் சுருட்டினார். காரின் கவரை உதறி நாச்சிமுத்துவின் தலையிலிருந்து கால் வரைக்கும் போர்த்தினார். நல்ல பழமாகப் பார்த்து இரண்டு பறித்து, அவருடைய பாதங்களுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தார்.

"நடக்கறப்போ நசுக்கிக்கலாமுங்ண்ணா."

கவருக்குள் இருட்டாக இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதார்.

"யாருப்பா அது? அலாரத்த நிறுத்துங்க!" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

ஜாபர் கவரின் மேல் தட்டிப் பார்த்தார். சத்தம் அதிகமாயிற்று.

"சாவி இருந்தாத்தானுங்க நிறுத்த முடியும்" என்று மேலே பார்த்துச் சொன்னார். "சாவி அக்காகிட்ட இருக்குதுங்க."