சுவரொட்டிக் குழந்தை

மதாம் பெர்தொனின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது மேயர் ரெஜிஸ் என் சிகையலங்காரக் கடைக்குள் வந்தான். மேயரை அவன், இவன் என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் சடையில் பேனா மையைத் தடவியவனை வேறு எப்படிச் சொல்வது? கழுத்துக்குட்டையை அவிழ்த்தபடி, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஓட்டு கேட்கும்போது சிரிக்கிற சிரிப்பு அது.

"நதேஜ், ஒரு நல்ல சேதி. பழைய பிரசவ ஆஸ்பத்திரியைத் தெலூர்மெல் நினைவில்லமா மாத்துறோம். ஜனவரியில திறப்பு விழா. நீதான் திரையை இழுக்கணும்."

"நான் எதுக்குடா?"

"என்ன கேள்வி இது? நீ இல்லாம அந்தப் படம் ஏது?"

அந்தப் படம். எங்கள் ஊரான கோர்வியேரில் அதை மாட்டாத கடை கிடையாது, என் கடையைத் தவிர. தெலூர்மெல் எங்கள் ஊரின் இளம் மேயராக இருந்தபோது பிரசவ ஆஸ்பத்திரியைக் கட்டினார். அதில் பிறந்த முதல் குழந்தை நான். என்னைக் கையில் ஏந்தி அவர் ஜன்னலோரம் நின்றதை ஒருவர் படம் பிடித்தார். அந்தப் படத்தோடுதான் அவர் பாராளுமன்றத்துக்குப் போனார், மந்திரியானார். அதிபர் தேர்தலில் நாடு முழுக்க ஒட்டிய சுவரொட்டியிலும் அதே படம்தான். "பிரான்ஸ் பிறக்கிறது" என்று கீழே எழுதியிருக்கும். நான் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருப்பேன், அவர் சட்டைக்கையில் ஈரம் தெரியும். அதிபரை நனைத்தவள் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. முதல் ஓட்டை அவருக்குத்தான் போட்டேன்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் அம்மா நல்ல உடம்போடு ஓய்வு பெற்றது, ஓய்வு வயதைக் குறைத்து அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான். பாரிசுக்கு அதிவேக ரயில் விட்டார். அது எங்கள் ஊரில் நிற்காது என்பது வேறு விஷயம். அவர் செத்தபோது தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் காட்டினார்கள், ரயிலை, நூலகத்தை, வெளிநாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்கியதை. பிரசவம் குறைவாக நடக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளையெல்லாம் மூடச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டதை மட்டும் ஒருவரும் காட்டவில்லை. தான் திறந்து வைத்ததைத் தானே மூடினார். பாதுகாப்புக்காகவாம்.

"நான் வரல," என்றேன்.

ரெஜிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா அவரு வேணும்னா பண்ணாரு? நிபுணருங்க சொன்னாங்க, கையெழுத்துப் போட்டாரு. பழசையே பிடிச்சுக்கிட்டிருந்தா ஊருக்கு எப்ப விடிவு? சுற்றுலாக்காரங்க வருவாங்க. உன் கடைக்கும்தான் நல்லது."

"பிரசவத்துக்கு இடம் இல்லாத ஊருக்குச் சுற்றுலா வந்து எதைடா பார்ப்பாங்க?"

சாயம் பூசிய தலையைத் திருப்பாமலேயே மதாம் பெர்தொன் குரல் கொடுத்தார். எண்பதைத் தாண்டியவர், யாருக்கும் பயப்படாதவர். "மேயரையா, வேலை முடிஞ்சா கதவைச் சாத்திட்டுப் போங்க. எனக்குக் குளிருது."

அவன் போனதும் தூரிகையை வேகமாக இழுத்தேன். சாயம் அவர் காதில் பட்டுவிட்டது. துடைக்கப் போனேன், மதாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போகலைன்னா வேற ஒருத்தியை நிக்க வெச்சு இவதான் அந்தக் குழந்தைன்னு சொல்லிருவானுங்க. போடி. நானும் வர்றேன்."

ஆஸ்பத்திரியை மூடிய பிறகு வந்த பிப்ரவரி மாதம் அது, விடியற்காலை. எனக்குப் பிரசவ வலி வந்ததும் என் கணவர் திதியே வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அதன் பூட்டிய கதவைத் தாண்டித்தான் பெருநகரத்துக்குப் போகும் சாலையைப் பிடித்தோம். சாலை முழுக்க உறைபனி. பாதித் தூரம்கூடப் போகவில்லை, ஆற்றுப்பாலத்துக்கு அருகில் அனூக் பிறந்துவிட்டாள். திதியே தன் கோட்டைக் கழற்றிச் சுற்றினார். ஒரு முறை அழுதாள். எங்கள் நாட்டில் அவசர மருத்துவ உதவிக்கும் வருகிற தீயணைப்புக்காரர்களின் வண்டி வரும்வரை நாங்கள் இருவரும் அவள் வாயில் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தோம். வந்தவர்களில் ஒருவன், ஊதியது போதும் என்று என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு எனக்குக் குழந்தை தங்கவில்லை.

பதவி முடிந்த பிறகு ஒரு தடவை தெலூர்மெல் எங்கள் சந்தைக்கு வந்தார். பாலாடைக்கட்டிக் கடையில் ருசி பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தமிட்டு, "நம்ம குழந்தை எவ்வளவு வளர்ந்துட்டா பாருங்க! உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுக்கென்ன, இன்னும் காலம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அந்த மனிதரை அன்றைக்கு நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் தட்டினேன்.

திறப்பு விழா அன்று திரையைத் தொடமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். ரெஜிஸே இழுத்தான். மேயருக்குரிய மூவண்ணப் பட்டி அவன் தோளில் மின்னியது. பளிங்குப் பலகையில் அதிபரின் பெயர் தெரிந்தது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு அந்தப் படம். விருந்தைப் பிரசவ அறையில் வைத்திருந்தார்கள். சுவரில் அதே வெள்ளை ஓடுகள். என் அம்மா என்னைப் பெற்ற இடத்தில் இப்போது துணி விரித்த மேசை, சைடர் என்கிற ஆப்பிள் மதுப் புட்டிகள், ஜனவரி மாதத்து ராஜ கேக்.

அந்தக் கேக்குக்குள் ஒரு பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். யார் துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா அல்லது ராணி. யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக, இருப்பதிலேயே சின்னவர் மேசைக்கடியில் புகுந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று கூவ வேண்டும். எந்த வீட்டிலும் அப்படித்தான். அன்று ரெஜிஸ், "நேரமாச்சு, நானே பரிமாறிடறேன்," என்று தட்டுகளைத் தன் கையாலேயே கொடுத்தான். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

இரண்டாம் கடியில் பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். தெலூர்மெலின் தலை. மூக்குகூட அப்படியே செய்திருந்தார்கள்.

"நதேஜுக்கு வந்திருச்சு! ராணி!" என்று ரெஜிஸ் கூவினான். தங்கக் காகிதக் கிரீடத்தை என் தலையில் வைத்து, புகைப்படக்காரனைக் கையசைத்துக் கூப்பிட்டான். என்னை அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய்க் காதில் கிசுகிசுத்தான். "ஒரே ஒரு சிரிப்பு நதேஜ். அப்புறம் உன்னைத் தொந்தரவே பண்ணமாட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. திரையை இழுக்க மறுத்தவளைக் கேக்கைக் கொண்டு மடக்கியிருக்கிறான், பாவி! அறை முழுக்கக் கிண்ணங்கள் உயர்ந்தன. ராணி முதல் மடக்கு குடிக்க வேண்டும், உடனே எல்லோரும் "ராணி குடிக்கிறாள்!" என்று கத்திவிட்டுக் குடிக்க வேண்டும். அவள் குடிக்கும்வரை எவர் உதட்டிலும் சொட்டு படக் கூடாது. எங்கள் ஊரில் குடிகாரன்கூட அதை மீறமாட்டான்.

கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எம் பொண்ணு பேரு அனூக்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்த ரூம்ல பிறந்திருக்க வேண்டியவ. பூட்டி வெச்சிருந்தாங்க. ரோட்டுல பிறந்தா, ரோட்டுலயே போயிட்டா. வாசல்ல அவரு பேருக்குக் கீழே அவ பேரையும் செதுக்குங்க. செதுக்குறேன்னு சொல்லு ரெஜிஸ், நான் குடிக்கிறேன்."

புகைப்படக்காரன் கேமராவைத் தாழ்த்திவிட்டான்.

"நதேஜ், இங்க வேண்டாம்..." என்றான் ரெஜிஸ். "அதெல்லாம் நகரசபையில வெச்சுப் பேசணும், ஓட்டெடுக்கணும்..."

"பேசுங்க. நான் நிக்கிறேன்."

ரெஜிஸ் தன் கிண்ணத்தை லேசாக உயர்த்தி, "சரி, எல்லாரும் குடிங்க," என்று சிரிக்கப் பார்த்தான். ஒருவரும் குடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். திதியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கிண்ணத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி. முன்வரிசையில் மதாம் பெர்தொனின் வயதான கை நடுங்கத் தொடங்கியது. சைடர் விளிம்பைத் தாண்டித் தளும்பி, விரல்களில் இறங்கி, அவருடைய நல்ல உடுப்பின் கைக்குள் முழங்கைவரை வழிந்தது. அவர் கையை இறக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.