யோயோவில் ஒரு முத்துக்குளிப்பவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான் என்பதால் கதையையும் நானே எழுத வேண்டியதாயிற்று. முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"என் பழைய யோயோவை எடுத்து, சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமில் வரும் முத்துக்குளிப்பவனை அதில் வரைந்தேன்."

வரி நன்றாகத்தான் இருக்கிறது. 'வரைந்தேன்' மட்டும் பொய். வரைந்தவள் என் தங்கை.

2

அவள் நகங்களுக்கு வண்ணம் பூசும் கடையில் வேலை பார்க்கிறாள். சுண்டுவிரல் நகத்தில் பூ வரைகிறவளுக்கு யோயோ ஒரு மைதானம். நானோ கோடு போட்டாலே கோணும் ஆள். பொம்மைக்கடை ஒன்றில், யோயோவை அவரவரே அலங்கரித்துக் கொண்டுவரும் போட்டி வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் அவளிடம் போய் நின்றேன்.

"அவன் தொப்பி என்ன கலரு, ஞாபகம் இருக்கா?"

"தொப்பி ஏதுண்ணா? கண்ணாடிதான் போட்டிருப்பான். ஊதாக் கண்ணாடி. மூச்சு முடியப்போறப்ப செவப்பாயிடும்."

நகம் தேய்க்கும் அட்டையால் யோயோவின் வழவழப்பைத் தேய்த்து எடுத்தாள். வெள்ளை பூசினாள். பிறகு மெல்லிய தூரிகையால் கட்டம் கட்டமாக, அந்தக் காலத்துத் திரையில் தெரிந்த மாதிரியே, அவனை எழுப்பினாள். ஒரு பக்கம் ஊதாக் கண்ணாடி, மறுபக்கம் சிவப்பு. அவளுடைய மூன்று நாள் மதிய இடைவேளை இதற்கே போயிற்று.

(எனக்கு ஏன் ஒரு நிறமும் ஞாபகமில்லை என்று யோசித்தேன். வீட்டில் கன்ட்ரோலர் ஒன்றுதான். "இந்த ஆட்டம் முடியட்டும், தர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கோடை விடுமுறையை ஓட்டினேன். விளையாடியது நான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள்.)

3

பரிசு கிடைத்தது. பொம்மைக்கடைக்காரர் மேடையில் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"இவ்ளோ பொடிசா எப்படி சார் வரைஞ்சீங்க?"

[உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் கைதட்டலில் என் குரல்]

வேண்டாம், இந்த வரியும் பொய். கைதட்டல் அதற்குள் ஓய்ந்திருந்தது. ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். "பொறுமைதான்" என்றேன்.

மறுபடியும் தட்டினார்கள். கடைசி வரிசையில், வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு வந்து நின்றிருந்த தங்கையும் தட்டினாள்.

ஒரு மாதம் காட்சிக்கு வைப்பதாகச் சொல்லி யோயோவைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பேருந்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டில வெயில் படுமாண்ணா? பட்டா ஊதா வெளுத்துடும்."

4

ஒரு வரைவில் அவளைக் கத்தவைத்தேன். அவள் கத்தினால் கணக்குத் தீர்ந்தது என்று நான் தூங்கப் போகலாம். இன்னொன்றில் சிரிக்கவைத்தேன். இரண்டுமே என் வசதிக்கு. பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பதுதான் நடந்தது.

6

(ஐந்தாம் பகுதி முழுக்கச் சாக்குப்போக்கு. எடுத்துவிட்டேன்.)

போன வாரம் பொம்மைக்கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் யோயோ, அதன் கீழே என் பெயர் எழுதிய அட்டை.

"இத வரைஞ்சது நான் இல்லீங்க. என் தங்கச்சி."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும்."

அவர் திட்டவில்லை. அட்டையை வெளியே எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். அவள் பெயரை, என் கோணல் கையெழுத்தில்.

அங்கிருந்து நேரே தங்கையின் கடைக்கு. வாடிக்கையாளர் ஒருவரின் விரலைப் பிடித்திருந்தாள், தலை நிமிரவில்லை. அந்த அம்மாளின் காதில் விழும்படியே சொன்னேன்: மேடையில் சொன்னது, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தது, கன்ட்ரோலரைத் தராதது, எல்லாம். அந்த அம்மாள் சங்கடப்பட்டுக் கையை இழுக்கப் பார்த்தார்.

"ஆட்டாதீங்க, இன்னும் காயல" என்றாள் தங்கை.

அந்த விரலை முடித்தாள். தூரிகையைத் துடைத்து வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அவளுடையதை என் பெயரில் போட்டது ஒருமுறை போதும். நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். 'பரவால்லண்ணா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நான் நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன்.